செட் முடிந்தது, ஆசையும் முடிந்ததா?

கேள்வி: வணக்கம் ஐயா. நியூஜெர்சியில் இருந்து எழுதுகிறேன். வயது 53. 1998இல் வேலைக்காக செயின்ட் லூயிஸ் வந்து இறங்கினேன். அந்தக் கோடையில் ஊரே கார்டினல்ஸ் பேஸ்பால் அணியின் மார்க் மெக்வயர் பேச்சாக இருந்தது. கிரிக்கெட் மட்டுமே தெரிந்த எனக்கு, பக்கத்து மேசையில் இருந்த வயதான சக ஊழியர் ஒருவர்தான் மதிய இடைவேளைகளில் பேஸ்பால் சொல்லிக்கொடுத்தார். செப்டம்பர் 8ஆம் தேதி மெக்வயர் 62ஆவது ஹோம் ரன் அடித்து, ஒரே சீசனுக்கான பழைய சாதனையை முறியடித்ததை அவர் வீட்டு டிவியில்தான் பார்த்தேன். அந்த வாரமே வீரர் படம் போட்ட பேஸ்பால் கார்டு ஒன்றை என் கையில் வைத்தார். டாப்ஸ் என்ற பபுள்கம் நிறுவனம் 1956இல் போட்டது, கார்டினல்ஸ் அணியின் கென் போயர். அவர் சிறுவனாக இருந்தபோது பபுள்கம் பாக்கெட்டில் கிடைத்ததாம்.

அந்த ஒரு கார்டில் ஆரம்பித்தது. அப்புறம் 1956 செட் முழுவதையும், அதாவது அந்த வருட வரிசையின் 340 கார்டையும், சேர்த்தே தீருவது என்று இறங்கினேன். கடைசியாக 2021இல் யாங்கீஸ் அணியின் பெரிய நட்சத்திரம் மிக்கி மேன்டில் கார்டை வாங்கியதும் 340ம் முடிந்தது. அன்று இரவு பைண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தேன். அதன் பிறகு எண்ணி நான்கு முறைகூட அதைத் திறக்கவில்லை. ஈபேயைத் திறந்தாலும் ஐந்து நிமிடத்தில் மூடிவிடுகிறேன். வேறு வருட செட் எதுவும் தொடங்கத் தோன்றவில்லை.

மகள் இந்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறாள். பணம் வந்தால் உதவும், ஆனால் வராவிட்டால் முழுகிவிடாது. நண்பர் ஒருவர் "விலை ஏறும், வைத்திரு" என்கிறார். மேன்டிலுக்கு நான் கொடுத்த விலை இன்று கிடைக்காது. விற்கலாம் என்று நினைத்தாலே அந்தக் கென் போயரைக் கொடுத்த மனிதருக்குத் துரோகம் செய்வதுபோல இருக்கிறது. அவர் இப்போது உயிருடன் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்டது ஒன்று. ஆசை போனது 2021இல் என்கிறீர்கள். செட் முடிந்ததும் 2021இல்தான். இரண்டும் ஒரே இரவில் நடந்திருக்கின்றன.

எனக்கும் இது நடந்தது. நான் கிளீவ்லாந்து பக்கம் குடியேறி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. 1954 டாப்ஸ் செட்டைச் சேர்த்தேன். அதில் 250 கார்டுகள். முதல் கார்டும் பாஸ்டன் அணி நட்சத்திரம் டெட் வில்லியம்ஸ், கடைசி கார்டும் டெட் வில்லியம்ஸ். 2009இல் முடித்தேன். மறுநாள் காலையில் எழுந்து பழக்கதோஷத்தில் சட்டைப்பையில் இருந்த பட்டியலை எடுத்தேன். கிடைக்காத கார்டுகளின் எண்களைப் பென்சிலால் எழுதி, கிடைத்ததும் அடித்து அடித்து வந்த காகிதம் அது. எல்லா எண்ணும் அடிக்கப்பட்டிருந்தன. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த மூன்று வருடம் நீங்கள் சொல்வதுபோலவேதான் இருந்தது. பைண்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

நம்மில் பலருக்குப் பிடித்தது தேடுவது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளி ஜிம்மில் நடக்கும் கார்டு ஷோ, நீளமான மேசைகள், காமன்ஸ் எனப்படும் சாதாரண வீரர்களின் கார்டுப் பெட்டிகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது, நம்மிடம் இல்லாத எண் ஒன்று தட்டுப்பட்டதும் நெஞ்சு ஒரு கணம் நின்று போவது. இது ஒரு ஆசை. வீட்டில் உட்கார்ந்து கார்டைப் பார்ப்பது வேறு ஆசை. முதலாவது முடிந்தால் இரண்டாவதும் முடிந்துவிட்டதாகத் தோன்றும். உங்களுக்கு இரண்டும் போய்விட்டதா, ஒன்றுதானா என்பது எனக்குத் தெரிய வழியில்லை. ஆனால் நீங்களே ஒரே நாளில் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு சனிக்கிழமை காலை பைண்டரை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வையுங்கள். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள், விலை பார்க்கக் கை நீளும். முதல் கார்டிலிருந்து வரிசையாகப் பாருங்கள். பேஸ்பாலின் இரண்டு பெரிய லீக்குகளில், அமெரிக்கன் லீகின் அன்றைய தலைவர் வில்லியம் ஹாரிட்ஜ், அப்புறம் நேஷனல் லீகின் அன்றைய தலைவர் வாரன் ஜைல்ஸ். கோட் போட்ட இரண்டு பேரோடு ஒரு பேஸ்பால் செட் ஆரம்பிப்பது எனக்கு இன்றும் பிடிக்கும். ஐந்தாவது டெட் வில்லியம்ஸ். 30 வந்ததும் நிறுத்துங்கள். பெரிய லீக்குகளில் நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனுக்கு டாப்ஸ் போட்ட கடைசி கார்டு அது. அந்த வருடத்தோடு அவர் ஆட்டத்தை விட்டார். நெற்றி ஓரத்தில் நரை தெரியும் முகம் பெரிதாக, பின்னால் ஹோம் பிளேட்டை நோக்கிச் சறுக்கும் அவரே சின்னதாக. அடுத்தது 31, ஹேங்க் ஆரன். அதிலும் பின்னணியில் ஒருவர் சறுக்குகிறார். ஆனால் அது ஆரன் இல்லை, வில்லி மேஸ்! வேறு ஆளின் படத்தை வைத்து வரைந்துவிட்டார்கள். இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் அந்தக் கால்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கத் தோன்றுகிறதா? இதுதான் நான் கேட்கும் கேள்வி. பின்பக்கம் திருப்பி மூன்று கட்டக் கேலிச்சித்திரங்களைப் படிக்கத் தோன்றுகிறதா? எங்காவது எழுபது வருடத்துக்கு முந்தைய பபுள்கம் கறை ஒன்று இருந்தால் அதன்மேல் கண் நிற்கிறதா?

எந்தெந்த எண்ணில் கண் நின்றது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இதை நான் 2012இல் செய்தேன். 250இல் 11 கார்டில்தான் நின்றேன். மற்றவற்றை மரியாதையோடு பார்த்தேன், ஆனால் நிற்கவில்லை. அந்த 11ஐ வைத்துக்கொண்டு 239ஐ விற்றிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. செட்டை உடைத்தால் விலை போகாது என்று ஒருவர் சொன்னதை நம்பி 250ஐயும் கொடுத்துவிட்டேன்.

அதில் லாரி டோபி கார்டு போனதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. 1947 ஜூலை 5ஆம் தேதி கிளீவ்லாந்துக்காக இறங்கி, அமெரிக்கன் லீக்கில் ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர். நேஷனல் லீகில் ராபின்சன் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதே அவமானங்களை அவரும் தாங்கினார். பெயர் மட்டும் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. நான் வந்து சேர்ந்த ஊரின் ஆள் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி ஒட்டுதல். என்னிடம் இருந்த கார்டின் பின்பக்க மூலையில் யாரோ ஒரு சிறுவன் பென்சிலால் 'ஆர்' என்று ஒற்றை எழுத்து எழுதியிருந்தான். அதனால்தான் எனக்கு மலிவாகக் கிடைத்தது. பிற்பாடு அதைவிடச் சுத்தமான டோபி ஒன்றை அதிக விலை கொடுத்து வாங்கினேன். நான்கு மூலையும் கூர்மையாக இருக்கிறது. பின்பக்கம் அந்த எழுத்து இல்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: கண் நின்றவற்றை எடுத்து வையுங்கள், மற்றதை விற்றுவிடுங்கள். கண் நின்றது ஐந்தோ ஐம்பதோ, அது உங்கள் கணக்கு. எங்குமே நிற்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான், தயங்காமல் விற்கலாம். அந்தக் கார்டுகளுக்காக இன்று வேறு யாரோ பட்டியலோடு அலைந்துகொண்டிருப்பார்.

இப்போது கென் போயர். அதை விற்காதீர்கள். அது செட்டில் 14ஆவது எண் என்பது தற்செயல். உங்களுக்கு அது பரிசாக வந்த பொருள். 1956 கென் போயர் அதிக விலையுள்ள கார்டும் இல்லை. செட்டை மொத்தமாக விற்பதாக இருந்தால், உங்கள் செட்டின் தரத்துக்கு ஒத்த இன்னொன்றை வாங்கி அந்த இடத்தில் வைத்துவிட்டால் வாங்குபவருக்குச் செட் முழுதாகப் போகும். உங்களுடையது தனி பிளாஸ்டிக் உறையில் உங்கள் மேசை மேலேயே இருக்கட்டும். அந்த மனிதர் உங்களுக்குக் கொடுத்தது ஒரு கார்டும் ஒரு ஆட்டமும். மற்ற 339ம் நீங்களாகத் தேடிக்கொண்டவை. அவற்றை விற்பது அவருக்கு எப்படித் துரோகமாகும்?

நண்பர் சொல்லும் "விலை ஏறும்" விஷயம். 2022 ஆகஸ்டில் ஒரு 1952 டாப்ஸ் மேன்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனதைப் படித்துவிட்டுத்தான் பலரும் இப்படிப் பேசுகிறார்கள். விற்றவர் 1991இல் 50,000 டாலர் கொடுத்து வாங்கியவர். ஆனால் அது, கார்டின் நிலையைப் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடும் (கிரேடிங் செய்யும்) எஸ்.ஜி.சி. நிறுவனம் 9.5 கொடுத்த கார்டு. அது போன்றது மிக அபூர்வம் என்பதற்கான விலை அது. இதே 1952 கார்டுகளில் விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960இல் படகில் ஏற்றிப்போய் அட்லாண்டிக் கடலில் கொட்டியது டாப்ஸ் நிறுவனம். வாங்க ஆள் இல்லை என்று கொட்டினார்கள். விலை இப்படியும் போகும், அப்படியும் போகும், நமக்குத் தெரிய வழி இல்லை. கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்திருந்தவர்கள் எல்லாரும் கார்டு பக்கம் திரும்பியதில் விலை எகிறியது. 2021 மார்ச்சில் கிரேடிங் வேலை குவிந்துபோய் பி.எஸ்.ஏ. நிறுவனமே பெரும்பாலான சேவைகளை நிறுத்திவைத்தது. நீங்கள் மேன்டிலை வாங்கியது அந்த வருடம். அந்த நஷ்டத்தை ஈடுகட்டும் வரை காத்திருப்பேன் என்று இருந்தீர்களானால், பிடிக்காத ஒரு பொருளுக்கு வருடக்கணக்கில் காவல் இருப்பீர்கள். மேன்டிலில் போனது போகட்டும். அதற்கு வெகு முன்பே வாங்கிய மற்ற நட்சத்திரங்கள் இருந்தால் அவற்றில் கணிசமாக ஏறியிருக்கும், கணக்குப் பாருங்கள்.

விற்கும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 340ஐயும் கிரேடிங்குக்கு அனுப்பாதீர்கள். சாதாரண வீரர்களின் கார்டு நடுத்தர நிலையில் இருந்தால் அனுப்பிய செலவே திரும்பாது. மேன்டில், வில்லியம்ஸ், ராபின்சன், ஆரன், கிளெமென்டே, கோஃபாக்ஸ், மேஸ், இவர்களுக்குச் செய்தால் போதும். ஓரம் வெட்டப்படாத அசல் கார்டு என்று வாங்குபவருக்கு ஒரு நம்பிக்கை கிடைக்கும். இவற்றைத் தனித்தனியாக விற்றால்தான் அதிகம் வரும். ஈபேயில் விற்றால் சுமார் 13 சதவீதம் கட்டணமாகப் போகும் என்று கணக்கில் வையுங்கள். மீதிக் கார்டுகளை மொத்தமாக ஒரு லாட்டாகக் கொடுங்கள்.

கடையில் கொடுப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. என் செட்டை முதலில் ஒரு கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் அன்பாகப் பேசிக்கொண்டே பைண்டரைப் புரட்டி, பத்துப் பன்னிரண்டு கார்டை உருவி ஒரு பக்கம் வைத்து, அதற்கு ஒரு நல்ல விலை சொன்னார். மீதியை "இவை உங்களுக்கே" என்று என் பக்கம் தள்ளினார். நான் கிட்டத்தட்ட சரி என்று சொல்லியிருப்பேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்த பிறகுதான், மீதி இருக்கும் கார்டுகளைத் தனியாக விற்பது எவ்வளவு பாடு என்று புரிந்தது. முழுதுக்கும் சேர்த்து விலை கேளுங்கள், அல்லது நட்சத்திரங்களை நீங்களே விற்றுவிட்டு மீதியோடு மட்டும் கடைக்குப் போங்கள். ஒரு கடையோடு நிறுத்தவும் வேண்டாம். கோடையில் நடக்கும் தேசிய சேகரிப்பாளர் மாநாட்டுக்குப் போக முடிந்தால் ஒரே கூரையின் கீழ் பல பேரிடம் விலை கேட்கலாம்.

வரியையும் மறக்கக் கூடாது. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த சேகரிப்புப் பொருளை விற்ற லாபத்துக்கு மத்திய அரசின் வரி அதிகபட்சம் 28 சதவீதம் வரை போகும். பங்குகளுக்குரிய 20 சதவீத உச்சவரம்பு இதற்குப் பொருந்தாது. பொழுதுபோக்காக வாங்கியதில் நஷ்டம் வந்தால் அதைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. அதனால் மேன்டில் நஷ்டத்தை மற்றவற்றின் லாபத்தோடு சரிக்கட்டலாம் என்று எண்ணாமல், பழைய ரசீதுகளோடு ஒரு வரி ஆலோசகரைப் பாருங்கள்.

மகளுக்கு விட்டுவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். அவள் ஆசையாகக் கேட்டால் கொடுங்கள். கேட்காவிட்டால் அந்தச் சுமையை அவள் தலையில் வைக்காதீர்கள் என்பேன். எது முதலில் கிடைத்தது, எது மாற்றி வாங்கியது, எதற்கு எவ்வளவு என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நான் இதில் அந்தக் காலத்துக் கார்டு சேகரிப்பாளர் ஜெபர்சன் பர்டிக்கை நினைப்பேன். சிரக்யூஸில் வாழ்ந்தவர், கீல்வாதத்தால் விரல் மடக்க முடியாமல் அவதிப்பட்டவர். பழைய சிகரெட் பாக்கெட் கார்டு செட் ஒன்றை நாம் இன்று டி206 என்று வாய்க்கு வாய் சொல்கிறோமே, அந்தப் பெயரே அவர் போட்ட அட்டவணையில் இருந்து வந்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுக் கார்டுகளையும் காகிதங்களையும் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பேஸ்பால் கார்டு மட்டுமே 30,000க்கு மேல். அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. வருடக்கணக்கில் அங்கேயே போய் உட்கார்ந்து, அந்த விரல்களாலேயே ஒவ்வொன்றாக ஆல்பத்தில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச்சில் இறந்துபோனார். இன்னது இன்ன இடத்தில் என்று தானே வைத்துவிட்டுப் போனார். இதை எப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கேள்வி: என் கணவர் இருபது வருடமாக 1960களின் கார்டுகளைச் சேர்த்தார். சென்ற மாதம் அவருடைய அம்மா காலமானார். ஊருக்குப் போய்த் திரும்பியதில் இருந்து, "இதெல்லாம் எதற்கு, இந்த வாரமே எல்லாவற்றையும் விற்றுவிடுகிறேன்" என்கிறார். தடுக்கலாமா? (டெக்சஸ் வாசகி)

பதில்: தடுங்கள் அம்மா. ஆனால் "விற்காதே" என்று சொல்லித் தடுக்க வேண்டாம், "இந்த வாரம் வேண்டாம்" என்று மட்டும் சொல்லுங்கள். துக்கத்தில் இருப்பவருக்கு எல்லாப் பொருளும் பாரமாகத்தான் தெரியும். கார்டு கெட்டுப்போகும் பண்டம் இல்லை, ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருக்கும். பெட்டிகளை அவர் கண்ணில் படாத இடத்தில் எடுத்து வையுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் இதையே சொன்னால் அது அவருடைய தீர்மானம், அப்போது கூட இருந்து உதவுங்கள். இதற்கிடையில் ஒரு மாலை, முதல் கார்டு எப்படிக் கையில் வந்தது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் பேசினால் பேசட்டும்.

கேள்வி: விற்க முடிவெடுத்துப் பழைய பைண்டர்களைத் திறந்தேன். பிளாஸ்டிக் தாள்கள் பிசுபிசு என்று ஒட்டுகின்றன, ஒரு வாடையும் வருகிறது. 1954, 1955 கார்டுகள் உள்ளே இருக்கின்றன. எப்படி எடுப்பது? (இல்லினாய் வாசகர்)

பதில்: அவை பி.வி.சி. தாள்கள். நாளாக நாளாக அதில் இருந்து எண்ணெய் போலக் கசியும், அதுதான் அந்த வாடை. கார்டை மேல்பக்கமாக உருவாதீர்கள், அச்சு மேற்பரப்பு தாளோடு உரிந்து வந்துவிடும். தாளைப் பைண்டரில் இருந்து கழற்றி மேசையில் படுக்க வையுங்கள். சின்னக் கத்தரியால் ஒவ்வொரு பையின் பக்கவாட்டுத் தையலையும், கார்டு ஓரத்தில் இருந்து தள்ளியே வெட்டித் திறந்து, மேல்தாளை மெதுவாக மடக்கி விலக்குங்கள். ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் நிறுத்திவிட்டு, அந்த ஒன்றை மட்டும் அனுபவமுள்ளவரிடம் காட்டுங்கள். கறையை எந்தத் திரவத்தாலும் துடைக்கக் கூடாது. துடைத்த தடம் தெரிந்தால் கிரேடிங்கில் "மாற்றப்பட்டது" என்று திரும்பி வந்துவிடும்.

எடுத்தவற்றைப் பாலிபுரோப்பிலீன் தாளுக்கு மாற்றுங்கள். 1952 முதல் 1956 வரை வந்த டாப்ஸ் கார்டுகள் இன்றைய அளவைவிடப் பெரியவை. ஒன்பது பையுள்ள தாளில் திணிக்க வேண்டாம், எட்டுப் பையுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பைண்டரிலும் வட்ட வளையம் வேண்டாம், ஓரக் கார்டுகளை அழுத்தித் தடம் பதித்துவிடும். ஒரு பக்கம் நேராக இருக்கும் வளையம்தான் நல்லது. விற்கும் நாள் வரை பைண்டரை நிமிர்த்தி நிற்க வையுங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள்.